கீரன் தலைக்கு மேலே ஒரு கோடு

அயர்லாந்தில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்குச் சொந்த ஊர் தென்மேற்கு மூலையில் உள்ள கெர்ரி. கணவனுக்கு வடமேற்கு மூலையில் உள்ள டோனிகால். ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அந்த நாட்டுச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். ஜாக், நோவா எல்லாம் வேண்டாம், நல்ல ஐரிஷ் பெயராகவே வைப்போம் என்று இருவருக்கும் ஒரே எண்ணம். பெயரும் கிடைத்துவிட்டது: கீரான். 'கருத்தவன்' என்று பொருள். ஆறாம் நூற்றாண்டில் க்ளோன்மக்னாய்ஸ் என்ற இடத்தில் மடம் நிறுவிய புனிதரின் பெயர். நம் ஊரில் கருப்பன் என்று வைப்பது போலத்தான்.

சிக்கல் என்னவென்றால், கெர்ரி பாட்டி அந்தப் பெயரை 'கீரான்' என்று கடைசி அசையை நீட்டி அழுத்திச் சொல்வார். டோனிகால் பாட்டி 'கீரன்' என்று முன்னால் அழுத்தி, பின்னால் குறுக்கிச் சொல்வார். (நக்கீரருக்கும் இவருக்கும் எந்த உறவும் இல்லை!) இரண்டு பாட்டிகளும் சொல்வது சரிதான். எழுத்தில் மட்டும் பெயர் ஒன்றே: சி-ஐ-ஏ-ஆர்-ஏ-என், அதில் இரண்டாவது 'ஏ' மீது சாய்வாக ஒரு சின்னக் கோடு.

இந்தக் கோட்டுக்கு ஐரிஷ் மொழியில் 'ஷீன்ய ஃபதா' என்று பெயர். 'நீண்ட நீட்டல்' என்று சொல்லலாம். பேச்சில் ஃபதா என்றாலே போதும். உயிரெழுத்தின் மேல் இதைப் போட்டால் அது நெடில், போடாவிட்டால் குறில். குறில் நெடிலோடு வளர்ந்த நமக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. 'கல்' வேறு, 'கால்' வேறு என்பதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஐரிஷிலும் அப்படியே. எஸ்-இ-ஏ-என் என்று கோடில்லாமல் எழுதினால் 'ஷன்', அதாவது கிழடு, பழசு. அதே எழுத்துகளில் 'ஏ' மீது கோடு போட்டால் 'ஷான்', நம் ஜான். கோட்டை மறந்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் தன்னைத் தானே கிழம் என்று சொல்லிக்கொள்கிறார். இன்னொரு ஜோடி இதைவிட வேடிக்கை. 'ப்ரிஷ்ட' என்றால் உடைந்தது. கோடு போட்டு 'ப்ரீஷ்ட' ஆக்கினால் கால்சட்டை.

இந்தக் கோடு நேற்று வந்ததல்ல. அயர்லாந்தின் மிகப் பழைய எழுத்து ஓகம். கல்லின் விளிம்பில் கீறல் கீறலாக வெட்டுவார்கள். நான்காம் நூற்றாண்டு முதல் ஏழாம் நூற்றாண்டு வரையிலான அந்தக் கற்களில் பெரும்பாலும் இருப்பது ஆட்களின் பெயர்கள்தான், 'இன்னாரின் மகன் இன்னார்' என்று. அதில் குறில் நெடில் வேறுபாடு காட்ட வழி கிடையாது. கிறித்தவத்தோடு லத்தீன் எழுத்து வந்த பிறகு துறவிகள் உயிரெழுத்தின் தலையில் கோடு போட ஆரம்பித்தார்கள். ஆங்கிலத்துக்கு இன்று வரை அப்படி ஒரு வழக்கம் வரவில்லை.

கோடு ஒன்றைப் புரிந்துகொண்டால் ஐரிஷ் பெயர்களை வாசித்துவிடலாமா? முடியாது. என்-ஐ-ஏ-எம்-எச் என்று எழுதி 'நீவ்' என்று படிக்கச் சொல்கிறார்கள். எம்மும் எச்சும் சேர்ந்து எப்படி 'வ்' ஆனது என்று தலை சுற்றும். நாம் 'ழ'வுக்கு ஆங்கிலத்தில் இசட்-எச் போடுகிறோமே, அதைப் படித்து எந்த வெள்ளைக்காரராவது 'தமிழ்' என்று தானாகச் சொல்லிவிடுவாரா? அது சொல்லிக்கொடுத்துத் தெரிய வேண்டிய ஓர் ஒப்பந்தம். ஐரிஷிலும் 'எச்' ஓர் ஒப்பந்தம்தான். முன்பெல்லாம் இந்த எச் கிடையாது. கேலிக் அச்செழுத்தில் எம் மீது ஒரு புள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான். புள்ளி வைத்த மெய் இளகி ஒலிக்கும். 1960களில் பள்ளிப் புத்தகங்கள் சாதாரண ரோமன் எழுத்துக்கு மாறியபோது புள்ளிகள் போய், அந்த இடங்களில் எல்லாம் எச் உட்கார்ந்தது. இன்று வெளிநாட்டுக்காரர்கள் கேலி செய்யும் அந்த எச்கள் எல்லாம் பழைய புள்ளிகளின் வாரிசுகள்.

இன்னொரு விதியும் உண்டு. சில உயிரெழுத்துகள் ஒலிப்பதற்காக வருவதில்லை, பக்கத்து மெய்யை மாற்றுவதற்காக வருகின்றன. ஷான் என்பதில் உள்ள 'இ' அந்த வகை. அதன் வேலை எஸ்ஸை 'ஷ' ஆக்குவது மட்டுமே. (ஷான் பீன் என்று ஒரு ஆங்கில நடிகர் இருக்கிறார். பெயரின் இரண்டு பாதியிலும் இ-ஏ-என் அப்படியே இருக்கிறது. ஒன்று ஐரிஷ் கணக்கு, மற்றது ஆங்கிலக் கணக்கு. ஆங்கிலத்துக்கு ஐரிஷைக் கேலி செய்யத் தகுதி உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.)

சரி, பாட்டிகளிடம் திரும்புவோம். ஐரிஷ் மொழிக்கு இன்று மூன்று பெரிய வட்டார வழக்குகள். தெற்கே மன்ஸ்டர், மேற்கே கொனாக்ட், வடக்கே அல்ஸ்டர். மன்ஸ்டரில் இரண்டாவது அசை நெடிலாக இருந்தால் அழுத்தம் அங்கே தாவிவிடும். ஆகவே கெர்ரிப் பாட்டிக்குக் கோடு இருக்கும் இடமே பெயரின் உச்சி. கொனாக்டில் அழுத்தம் முதல் அசையில், ஆனால் நெடில் நெடிலாகவே இருக்கும். அல்ஸ்டரில் அழுத்தம் விழாத நெடிலைக் குறுக்கிவிடுவார்கள். டோனிகால் பாட்டி 'கீரன்' என்பது அதனால்தான். ஒரே கோடு, ஒரு ஊரில் மலை, இன்னொரு ஊரில் மேடு, மூன்றாவது ஊரில் சமவெளி.

மற்ற பெயர்களுக்கும் இதே கதை. 'நீவ்' வடக்கே போனால் கடைசி வ் கரைந்து 'நீயு' போல் ஆகிவிடும். தெற்கிலும் மேற்கிலும் 'கீவா'வாக இருக்கும் பெண், அல்ஸ்டரில் 'க்வீவா'. பாட்ரிக் என்ற பெயர் கொனாக்டில் நடு மெய்யை விழுங்கி 'பாரிக்' ஆகிறது. நடிகை சர்ஷா ரோனன் தன் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் விளக்கியே களைத்திருப்பார். அவர் சொல்வது 'ஸர்ஷா'. ஆனால் அயர்லாந்திலேயே 'சீர்ஷா' என்று சொல்பவர்களும் 'சேர்ஷா' என்று சொல்பவர்களும் நிறைய. யாருடையது தவறு என்று கேட்டால் பதில் இல்லை.

ஏன் பதில் இல்லை என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. சுமார் 1200 முதல் 1600 வரை ஐரிஷுக்கு ஒரு செம்மையான இலக்கிய நடை இருந்தது. புலவர் பள்ளிகள் அதைக் கட்டிக் காத்தன. அந்தப் பள்ளிகளுக்குச் சோறு போட்டவர்கள் கேலிக் குறுநில மன்னர்கள். 1601ல் கின்சேல் போரில் அவர்கள் ஆங்கிலேயரிடம் தோற்றார்கள். 1607ல் அல்ஸ்டர் பிரபுக்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். புரவலர் போனதும் பள்ளிகள் போயின. அரசவையும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. மிச்சம் இருந்தது ஊர் ஊராகப் பேசும் வாய்கள்தான். அவை தம் போக்கில் போயின. சுதந்திர அயர்லாந்து 1958ல் வெளியிட்ட அதிகாரபூர்வ நெறிமுறையும் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும்தான் விதி சொன்னது. உச்சரிப்பில் கை வைக்கவில்லை.

வாய்கள் இப்படி என்றால், பேனா யார் கையில் இருந்தது? அங்கேதான் கசப்பான கதை.

1366ல் கில்கென்னி சட்டங்கள் வந்தன. அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் ஐரிஷ் பேசி, ஐரிஷ் பெயர் வைத்து, ஐரிஷ்காரர்களாகவே மாறிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க, ஆங்கிலேயருக்கு ஆங்கிலப் பெயர்தான் என்று சட்டம். 1465ல் வந்த சட்டம் மறுபக்கம் திரும்பியது. டப்ளினைச் சுற்றிய மாவட்டங்களில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர்ப் பெயராகவோ, வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்று ஒரு நிறமாகவோ, கொல்லன், தச்சன் என்று ஒரு தொழிலாகவோ, சமையல்காரர் போல ஒரு பதவியாகவோ இருக்கலாம். பரம்பரைப் பெயரை விட்டுவிட்டு 'பழுப்பு' என்று வைத்துக்கொள் என்று ஓர் அரசு ஆணையிட்டதை என்னவென்று சொல்வது!

ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். மேற்குக் கடலை ஆண்ட க்ரான்யா என்ற பெண் தலைவி 1593ல் லண்டன் வரை போய் எலிசபெத் ராணியை நேரில் சந்தித்தார். அவர் பெயர் ஆங்கில ஆவணங்களில் என்னென்னவோ வடிவில் கிடக்கிறது. பின்னாளில் 'கிரேஸ் ஓமாலி' என்று நிலைத்துவிட்டது. க்ரான்யாவுக்கும் கிரேஸுக்கும் முதல் எழுத்துகளைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை. அதே காலத்து அல்ஸ்டர் தலைவர் ஷான் ஓ நீல், ஆங்கில வரலாற்றில் 'ஷேன்' ஆனார். இது பிழை என்று தள்ளிவிட முடியாது. வடக்கத்தி வாயில் 'ஆ' கொஞ்சம் முன்னால் வந்து ஒலிக்கும். அதைக் கேட்ட ஆங்கிலக் காதுக்கு அது 'ஏ'. ஷேன் என்று இன்று உலகம் முழுக்க வைக்கப்படும் பெயர் ஒரு வட்டார உச்சரிப்பின் எதிரொலி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேகம் கூடியது. 1831 முதல் தேசியப் பள்ளிகள், எல்லாம் ஆங்கிலத்தில். 1845ல் உருளைக்கிழங்கு நோயால் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதைவிட அதிகமானோர் நாட்டை விட்டுப் போனார்கள். அதிகம் செத்ததும் போனதும் ஐரிஷ் பேசிய ஏழைகள். பிள்ளை அமெரிக்கா போக வேண்டும் என்றால் ஆங்கிலம் வேண்டும், ஆங்கிலேயர் வாயில் நுழையும் பெயரும் வேண்டும். பெற்றோர்களே அந்தக் கணக்கைப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

1864ல் எல்லாப் பிறப்புகளையும் பதிவு செய்யும் முறை வந்தது. பதிவாளர் ஆங்கிலத்தில் எழுதினார். கோவில் பதிவேட்டில் பாதிரியார் பல ஊர்களில் லத்தீனில் எழுதினார். அதனால் டீர்மிட் என்பவன் ஜெரமையா ஆனான். டைக் என்பவன் திமோத்தி அல்லது தாடியஸ். கானர் என்பவன் கொர்னீலியஸ். சொரக்கா என்ற பெண் சாரா. அர்த்தமும் பொருந்தாது, வேரும் பொருந்தாது, முதல் ஒலி மட்டும் அங்கே இங்கே பொருந்தும். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பெயர் வடிவிலும் தம்பி வேறு வடிவிலும் பதிவாகி, கடைசியில் பதிவு அலுவலகத்துக்கே தலைவலி. அங்கே அதிகாரியாக இருந்த ராபர்ட் மாத்தெசன் 1890ல் எந்தப் பெயர் எந்தப் பெயருக்கு மாற்று என்று ஒரு கையேடே போட வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'சுத்தமான' ஐரிஷ் பெயர் என்று நாம் நினைக்கும் ஷான் ஐரிஷ் அல்ல! 1169க்குப் பிறகு வந்த நார்மன்களின் பிரெஞ்சுப் பெயர் அது. ஐரிஷின் பழைய பதினெட்டு எழுத்துகளில் ஜே இல்லை, அதனால் 'ஷ' வைத்துச் சமாளித்தார்கள். ஷிவான், ஷினேட் இரண்டும் இதே பெயரின் பெண் வடிவங்கள். நம்மிடமும் ஒரே விவிலியப் பெயர் யோவான், ஜான் என்று இரண்டு உருவில் உலவுகிறதே. அந்நியப் பெயரை ஒரு மொழி தன் வாய்க்கு ஏற்ப வளைத்துக்கொள்வது ஒன்று. அந்நிய எழுத்தர் வந்து வீட்டுப் பெயரை வளைப்பது வேறு. முதலாவதற்கு யாரும் வழக்குப் போடவில்லை.

இரண்டாவதற்கு வழக்கு நடந்தது. டக்ளஸ் ஹைட் 1892ல் டப்ளினில் ஓர் உரை நிகழ்த்தினார். அயர்லாந்தை ஆங்கிலமயத்திலிருந்து மீட்க வேண்டும் என்பது அதன் பேச்சு. மக்கள் தம் பெயரைப் பார்த்தே வெட்கப்படுவதும் அதில் அவர் சொன்ன குறை. அடுத்த ஆண்டு கேலிக் லீக் பிறந்தது. அந்த வகுப்புகளுக்குப் போனவர்கள் பெயரைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். நியூயார்க்கில் பிறந்த எட்வர்ட், ஏமன் டி வலேரா ஆனார். டப்ளினில் பிறந்த ஜான் கேசி என்ற தொழிலாளி, நாடகாசிரியர் ஷான் ஓகேசி ஆனார்.

வழக்கு வந்தது மாட்டு வண்டி, குதிரை வண்டி மூலம். வண்டியில் உரிமையாளர் பெயரும் ஊரும் தெளிவாகப் படிக்கும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1851 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. டோனிகாலைச் சேர்ந்த விவசாயியும் பாடலாசிரியருமான நீல் மக் கிலா வ்ரீட தன் வண்டியில் பெயரை ஐரிஷில் எழுதியிருந்தார். போலீசுக்கு அவர் யார் என்று தெரியும், பெயரும் தெரியும். ஆனாலும் வழக்கு, அபராதம். 1905ல் மேல் நீதிமன்றத்தில் அவருக்காக நின்றவர் பேட்ரிக் பியர்ஸ் என்ற இளம் வழக்கறிஞர். வழக்கறிஞராக பியர்ஸின் பெயர் நிலைத்த வழக்கு இது ஒன்றுதான். தோற்றார். படிக்கும்படியான எழுத்து என்றால் ஆங்கில எழுத்து என்று தீர்ப்பு. ஐரிஷ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் அதே ஊரில் இருந்தது கணக்கில் வரவில்லை.

அதே போல மேனூத் ஊரில் கடை வைத்திருந்த டோனல் ஓ பூஹலாவும் வண்டியில் ஐரிஷ் பெயர் எழுதி மாட்டிக்கொண்டார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1916 ஈஸ்டர் எழுச்சியில் பியர்ஸ் தலைமை தாங்கினார், மே 3ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். ஓ பூஹலா மேனூத்திலிருந்து நடந்தே டப்ளினுக்குப் போய் அதில் சேர்ந்தார். உயிர் பிழைத்தார். 1932ல் டி வலேரா அவரையே பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதியாக, கவர்னர் ஜெனரலாக நியமிக்க வைத்தார். வண்டியில் பெயர் எழுதி அபராதம் வாங்கியவர் மன்னரின் கடைசிப் பிரதிநிதி. டி வலேராவுக்குக் குறும்பு அதிகம்தான்.

சுதந்திரத்துக்குப் பின் பெயர்கள் வெளியே வந்தன. முன்பு பெயராகவே இல்லாத ஒரு சொல்லும் பெயரானது. 'ஸர்ஷா' என்றால் விடுதலை. இருபதாம் நூற்றாண்டுக்கு முன் எந்தக் குழந்தைக்கும் அதை வைக்கும் வழக்கம் இல்லை. 2021ல் அயர்லாந்தில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் 'ஃபீயா', காட்டுத்தனமானது, மான் என்று பொருள் சொல்கிறார்கள். ஆனால் பிரிட்டனோடு தங்கிவிட்ட வட அயர்லாந்தில் இந்த மகிழ்ச்சி சுலபமாகக் கிடைக்கவில்லை. அங்கே ஷேமஸ் என்றால் கத்தோலிக்கர், வில்லியம் என்றால் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் என்று ஊகிப்பார்கள். 1960களின் கடைசியிலிருந்து 1998 வரை நீடித்த கலவரக் காலத்தில் ஒரு பிள்ளைக்குப் பெயர் வைப்பது, அவன் தெருவில் நடக்கும்போது யார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்து முடிவு செய்வது.

அரசு நம்முடையதாகி, பள்ளி நம்முடையதாகிய பிறகு கோட்டை அழிக்க வந்தது கணினி. 1963ல் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி குறியீட்டில் 128 இடங்கள். கோடு போட்ட உயிரெழுத்துக்கு அதில் இடமில்லை. (தமிழுக்கும் இல்லை. திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டு நாம் பட்ட பாடு தெரிந்ததே.) வங்கியிலும் மருத்துவமனையிலும் ஷானின் நடுவில் ஒரு கேள்விக்குறி முளைத்தது. பல அலுவலகங்கள் கோட்டையே வேண்டாம் என்று விட்டன. 2019ஐ ஒட்டி ஒருவர், தன் பெயரை மருத்துவமனை சரியாக எழுத மறுக்கிறது என்று தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் போனார். கோட்டுக்கான உரிமை முழுமையான உரிமை அல்ல என்று பதில் வந்தது. 2021 டிசம்பரில் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, பொது நிறுவனங்கள் ஒருவரின் ஐரிஷ் பெயரைக் கோட்டோடு சரியாகப் பயன்படுத்த வேண்டும் என்று கொண்டு வந்தார்கள். வண்டி வழக்குக்கும் இதற்கும் நடுவே 116 ஆண்டுகள்.

எனவே அந்தத் தம்பதி பதிவாளர் முன் உட்காரும்போது அவர்களுக்கு முன்னால் சில வழிகள் உண்டு. கே-ஐ-இ-ஆர்-ஏ-என் என்று ஆங்கில வழியில் எழுதிவிடலாம். சிட்னியிலும் டொராண்டோவிலும் யாரும் சந்தேகம் கேட்க மாட்டார்கள். சி போட்டுக் கோட்டை விட்டுவிடலாம். அப்போது 'சியாரன்' என்று கூப்பிடும் ஆசிரியர் ஒருவராவது வாழ்நாளில் வருவார். கோட்டோடும் எழுதலாம். கோட்டைப் போட்டாலும் டோனிகால் பாட்டி அதை நீட்டப் போவதில்லை. கெர்ரிப் பாட்டி அதை நீட்டாமல் விடப் போவதும் இல்லை. பையன் வளர்ந்து பாஸ்போர்ட் எடுப்பான். பக்கத்தின் மேற்பகுதியில், போட்டோவுக்கு அருகே, பெயர் கோட்டோடு இருக்கும். அதே பக்கத்தின் அடியில், விமான நிலைய இயந்திரம் படிப்பதற்கான இரண்டு வரியில், உலகம் முழுவதற்கும் ஒரே விதி: ஏ முதல் இசட் வரை மட்டும். அங்கே அவன் பெயரில் கோடு இருக்காது.